வளர்ந்த பிள்ளைக்கு வாகனத் திருத்த வேலையும் பொறுப்பும்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பரீட்சையை முடித்து, சாரதி அனுமதிப்பத்திரமும் பெற்று, வீட்டிலுள்ள பழைய காரை ஓட்டத் தொடங்கிய மகனுக்கோ மகளுக்கோ அந்தக் காரைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவையே இங்குள்ள கேள்விகள். என் மகனுக்கும் மகளுக்கும் இந்த வேலைகளைக் கற்றுக்கொடுத்த தந்தை என்ற முறையில் பதில் சொல்கிறேன். பணத்தை மட்டும் இழக்கச் செய்யும் பிழைகளைப் பிள்ளை செய்து பார்க்க நாம் விட வேண்டும். உயிரையோ உடலையோ இழக்கச் செய்யும் பிழைக்கு ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது. கீழேயுள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தவை.

மகனுக்கு 23 வயதாகிவிட்டது. இனிக் கற்றுக்கொடுப்பது பிந்திவிட்டதல்லவா?

பிந்தவில்லை. காருக்கான சாரதி அனுமதிப்பத்திரமே இங்கு 18 வயதில்தான் கிடைக்கிறது. அதற்கு முன் கற்றவை பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவையாகவே இருக்கும். ஆனால் வளர்ந்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் முறை வேறு. பத்து வயதுப் பையனிடம் "அந்த ஸ்பானரை எடு" என்று சொல்லலாம். 23 வயது மகன் ஏன் அந்த ஸ்பானர் என்று கேட்பான், கேட்க வேண்டும். அவனுக்கு வேலை இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆகவே நாளையும் நேரத்தையும் அவனிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். அவன் ஒப்புக்கொண்ட நேரத்துக்கு அவன் வராவிட்டால், நீங்கள் தனியாக அந்த வேலையைச் செய்து முடித்துவிடாதீர்கள். கார் அப்படியே நிற்கட்டும்.

கராஜில் கொடுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற வேலையைப் பிள்ளை ஏன் கற்க வேண்டும்?

எல்லா வேலைகளையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், உள்ளே இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் விலையும் ஏறியது. இதனால் இன்று பல பிள்ளைகளின் முதல் கார், தொண்ணூறுகளின் கொரோலாவாகவோ மாருதி 800 ஆகவோ, அவர்களோடு ஒத்த வயதுடையதாகவோ அவர்களைவிட மூத்ததாகவோ இருக்கிறது. அத்தகைய கார் ஓட்டுபவரிடம் தொடர்ச்சியான கவனத்தைக் கேட்கும். வெப்பமானி முள் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்பதையும், பிரேக் அழுத்தும்போது புதிதாக ஒரு சத்தம் வருவதையும் அன்றே கவனிப்பவர் சிறு தொகையோடு தப்புவார். கவனிக்காதவர் என்ஜினையே இறக்க வேண்டி வரும்.

கராஜுக்குப் போகும்போதும் அறிவு உதவும். தொண்ணூறுகளின் கொரோலாக்கள் பலவற்றில் டைமிங் பெல்ட் (என்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உதவும் பட்டி) இருக்கிறது. அதை ஏறக்குறைய 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டொயோட்டா விட்ஸில் அதற்குப் பதிலாக இருப்பது செயின். விட்ஸுக்கு "டைமிங் பெல்ட் மாற்றினோம்" என்று ஒரு பில் வந்தால், இந்த ஒரு விடயத்தை அறிந்த பிள்ளை அந்த இடத்திலேயே கேள்வி கேட்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

கழற்றுவதிலிருந்து தொடங்காதீர்கள், பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மாதங்களுக்கு ஸ்பானரே வேண்டாம். வாரம் ஒருமுறை, காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பொனட்டைத் திறந்து, ஒயில் குச்சியை உருவித் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்க வேண்டும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியிலும் பிரேக் ஒயில் தொட்டியிலும் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் நின்ற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா, அது நீரா ஒயிலா என்றும் பார்க்க வேண்டும். ஏசி ஓடிய காரின் அடியில் தெளிந்த நீர் சொட்டுவது இயல்பானது. அதை முதன்முறை கண்டு பதறும் பிள்ளைக்கு, எது பழுது, எது பழுதல்ல என்று பிரித்தறிவதே முதற்பாடம்.

டயர் நல்ல ஆசிரியர். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் காற்றழுத்தத்தைக் குறிக்கும் ஒட்டி இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அது கிலோபாஸ்கலில் எழுதப்பட்டிருக்கும். நம் பெற்றோல் செட்டில் காற்றடிப்பவரோ பி.எஸ்.ஐ. கணக்கில் கேட்பார். 220 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. இதை மகளே கணக்கிட்டு, "முன்னுக்கு 32, பின்னுக்கு 32" என்று தானே சொல்லட்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டனுக்குள் (டயரின் வெட்டுகளை நாம் அப்படித்தானே சொல்கிறோம்) குறுக்கே ஓடும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றர் உயரமானவை. டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால், மழைநாளில் காலி வீதியில் அந்த டயரை நம்ப முடியாது.

கார் ரீகண்டிஷனாக (ஜப்பானில் பாவித்த பின் இறக்குமதியாகி) வந்ததென்றால் அதனுடன் வந்த கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கும். அதே மாதிரிக்குரிய ஆங்கிலக் கைநூலைத் தேடிப் பெறும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். எந்த ஒயில், எத்தனை லீற்றர், எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்ற கேள்விகளுக்கு அப்பாவின் நினைவைவிட அந்த நூல் மேலான சாட்சி.

நாங்கள் ஃப்ளாட்டில் இருக்கிறோம். முற்றமே இல்லையே?

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நம்மவர்களில் பலருக்கு இருப்பது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு கார் நிற்கும் அளவு இடம் மட்டுமே. மட்டங்களைப் பார்ப்பது, பெற்றரி முனைகளைத் துப்புரவாக்குவது, ஏர் ஃபில்டர், வைப்பர், பல்ப் மாற்றுவது ஆகியவற்றுக்கு அது போதும். ஒயில் வடிக்கும் வேலையையும் காரைத் தூக்கும் வேலையையும் அங்கே செய்யாதீர்கள். அயலவருக்கும் அந்த இடத்தில் உரிமை உண்டு என்பதைப் பிள்ளை உணர்வதும் பொறுப்பின் ஒரு பகுதியே. மூடிய கீழ்த்தளத்தில் என்ஜினை ஓடவிட்டு வேலை செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மயங்கி விழும்வரை தெரியாது.

பெரிய வேலைகளுக்கு, பழக்கமான சிறிய கராஜ் ஒன்றில் பாஸின் (வாகனம் திருத்துபவரின்) அனுமதியைப் பெற்று, பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கவும் கைகொடுக்கவும் வழி செய்யுங்கள். கூலியைக் குறைக்கக் கேட்காதீர்கள். அவர் கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கும் விலை உண்டு.

என்ன கருவிகள் வாங்க வேண்டும்?

ஜப்பானிய கார்களுக்கு 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர் சோக்கட்டுகளும் ஸ்பானர்களும் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். சக்கர நட்டுக்கு டொயோட்டாவில் 21, ஹொண்டாவிலும் சுசுகியிலும் 19. இவற்றோடு ஒரு டோர்க் ஸ்பானர் (நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவுவது), ஒரு வோல்ட் மீற்றர், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. டோர்க் ஸ்பானரை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். டொயோட்டாவின் சிறிய கார்களில் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர் என்று கைநூல் சொல்கிறது. காலால் மிதித்து இறுக்கும் வழக்கம் போல்ட்டின் புரியைக் கெடுக்கும், வழியில் டயர் மாற்ற வேண்டி வந்தால் கழற்றவும் விடாது. கருவிகளைப் பிள்ளையின் பெயரிலேயே, இயன்றால் அதன் சொந்தப் பணத்திலேயே, ஒவ்வொன்றாக வாங்குங்கள். தன் பணத்தில் வாங்கிய சோக்கட்டை யாரும் மழையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

எந்த விடயங்களில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது?

காரின் அடியில் செல்லும் வேலை முதலாவது. காருடன் வரும் ஜாக், டயர் மாற்றுவதற்காக மட்டும் செய்யப்பட்டது. அதன் மேல் நிற்கும் காரின் அடியில் ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது. சமதளத்தில் கைப்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தூக்கிய பின் உரிய இடத்தில் காரைத் தாங்கும் ஸ்டாண்ட் வைத்து, காரை அதன் மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் செல்லலாம். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்டாண்டுக்கு ஈடாகா. பாரம் ஒரு புள்ளியில் விழும்போது அவை முன்னறிவிப்பின்றி உடையும். இந்த ஒழுங்கில் ஒரு படியைத் தவிர்த்த அன்றே வேலையை நிறுத்தி, சாமான்களை எடுத்து வையுங்கள். இது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

இரண்டாவது, சூடான ரேடியேட்டர். அதன் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்துக்குப் பாயும். வழியில் கார் சூடாகி நின்றால் பிள்ளை செய்ய வேண்டியது ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, முழுதாக ஆறும்வரை காத்திருப்பது மட்டுமே. உதவ வருகிறேன் என்று சொல்லித் தண்ணீர்ப் போத்தலோடு யாராவது மூடியைத் திறக்க வந்தால் மறுத்துவிடும் துணிவும் வேண்டும்.

மூன்றாவது பிரேக். பேட் மாற்றும் வேலை பார்ப்பதற்கு இலகுவானது. கராஜில் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதிய பேட் போட்ட பிறகு, காரை அசைக்கும் முன் பெடலைப் பல தடவை அழுத்தி இறுக்கம் வரச் செய்ய வேண்டும். மறந்தால் முதல் அழுத்தத்தில் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு போல்ட்டையும் சரிபார்க்காமல் பிள்ளை பிரேக்கில் வேலை செய்ய விடாதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்து வைத்த பழைய போத்தலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

ஏசி வாயு, காற்றுப்பை, பெற்றோல் குழாய் ஆகிய மூன்றையும் வீட்டில் தொட வேண்டாம்.

ஹைபிரிட் கார் என்றால்?

டொயோட்டா பிரியஸின் பெரிய பெற்றரி 201.6 வோல்ட், அக்வாவினுடையது 144 வோல்ட். இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடியவை. செம்மஞ்சள் நிற உறையுள்ள கம்பிகளையும் அவை சென்று சேரும் பெட்டிகளையும் பயிற்சி பெறாத எவரும் திறக்கக் கூடாது. கார் அணைந்திருந்தாலும் இன்வேர்ட்டரில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆனால் ஹைபிரிட் வைத்திருப்பவர் செய்யக்கூடிய பயனுள்ள வேலை ஒன்று உண்டு. பின் ஆசனத்தின் பக்கத்தில் பெற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத்துவாரம் இருக்கும். அதைத் துணியோ பையோ அடைக்காமல் பார்ப்பதும், தூசியைத் துடைப்பதும், ஃபில்டர் உள்ள மாதிரிகளில் அதைத் துப்புரவாக்குவதும் பிள்ளையின் மாதாந்தக் கடமையாகலாம். நம் வெப்பத்தில் அந்த வழி அடைபட்டால் பெற்றரியின் ஆயுள் குறையும்.

பிழை விட்டுக் காரைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். பிழைகள் இரு வகைப்படும். ஏர் ஃபில்டர் பெட்டியின் பிளாஸ்டிக் கொக்கி உடைவது, ஒயில் அளவுக்கு மேல் ஊற்றப்படுவது, வடிக்கும் போல்ட்டைக் கோணலாகத் திருகிப் புரியைக் கெடுப்பது, பழைய ஒயில் ஃபில்டரின் றப்பர் வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணாமல் அதன் மேலேயே புதியதைப் பூட்டி ஒயில் கசியவிடுவது ஆகியவை முதல் வகை. இவற்றுக்குப் பணமும் ஒரு நாளும் போகும். பிள்ளை கோணலாகப் போல்ட்டை நுழைப்பதை நீங்கள் கண்டால் ஒரு தடவை சொல்லுங்கள்: "முதலில் கையால் மட்டும் திருகு, கையால் திரும்பாவிட்டால் கழற்றிவிட்டு மீண்டும் வை." அதற்குப் பிறகும் ஸ்பானரை எடுத்தால் கையைப் பிடிக்காதீர்கள். கெட்ட புரியைச் சரிசெய்ய பாஸிடம் அழைத்துப் போவதும், என்ன நடந்தது என்று அவரிடம் சொல்வதும், கூலியைக் கொடுப்பதும் பிள்ளையின் வேலை. பக்கத்தில் நின்று "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. பாஸின் முன்னால் அது அவமானம் மட்டுமே.

இரண்டாவது வகை மேலே சொன்ன ஜாக், பிரேக், சூடு, மின்சாரம். அங்கே "விட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கையைப் பிடியுங்கள், குரலை உயர்த்துங்கள், வேலையை நிறுத்துங்கள். இவ்விரண்டையும் பெற்றோர் தெளிவாகப் பிரித்து நடந்தால், நாம் குரலை உயர்த்தும்போது அதற்குக் காரணம் இருக்கிறது என்பது பிள்ளைக்குப் புரியும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் சத்தம் போடுகிற அப்பாவின் எச்சரிக்கை, உண்மையில் ஆபத்து வரும்போது காதில் ஏறாது.

மறைத்தல் இன்னொரு விடயம். உடைத்ததை ஒளித்து வைத்த பிள்ளையிடம் உடைத்ததைப் பற்றி அல்ல, ஒளித்ததைப் பற்றியே பேசுங்கள். ஒளித்த பழுதுள்ள காரில் மறுநாள் அம்மாவும் தங்கையும் போவார்கள் என்பதை ஒருதடவை, அமைதியாக, நேராகச் சொன்னால் போதும்.

செலவை யார் ஏற்க வேண்டும்?

நம் குடும்பங்களில் திருமணம்வரை பிள்ளைகள் பெற்றோருடன் இருப்பது வழக்கம். சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் காரின் செலவு அப்பாவின் பையிலிருந்தே போய்க்கொண்டிருக்கும். அன்பால் நடப்பதுதான். ஆனால் காரின் செலவு எவ்வளவு என்று அறியாத பிள்ளைக்கு அதன் பொறுப்பு விளங்காது. ஆகவே முதலில் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கொப்பியில் திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, வாங்கிய பொருள், கொடுத்த தொகை ஆகியவற்றைப் பிள்ளையே எழுதட்டும். அந்தக் கொப்பி காரிலேயே இருக்க வேண்டும். பின்னொரு நாள் காரை விற்கும்போது, ஒழுங்காக எழுதப்பட்ட கொப்பியைக் காணும் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

பிறகு பகுதி பகுதியாகக் கைமாற்றுங்கள். மாணவனாக இருக்கும்வரை பெற்றோலும் கழுவுதலும் போதும். உழைக்கத் தொடங்கியதும் ஒயில், டயர், பெற்றரி. அதன் பிறகு காப்புறுதியும் ஆண்டு வருமான அனுமதிப்பத்திரமும். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் செல்லுபடியான காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. காலம் கடந்தால் தண்டப்பணம். இந்தத் திகதிகளைப் பிள்ளை நினைவில் வைத்திருந்து, காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், பிரதேச செயலகத்திலோ இணையத்திலோ புதுப்பித்து, கண்ணாடியில் ஒட்டுவது வரை அனைத்தையும் தானாகச் செய்ய வேண்டும். திகதி நெருங்கும்போது ஒரு தடவை கேளுங்கள். மூன்று தடவை நினைவூட்டாதீர்கள். தண்டப்பணம் வந்தால் அது பிள்ளையின் பணம். ஆனால் காப்புறுதி இல்லாத காரை ஒரு நாளும் வீதிக்கு விடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயமானது. விபத்தில் அடிபடுபவர் யாரோ ஒருவரின் பிள்ளை.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மருதானைக்கு அருகிலுள்ள பஞ்சிகாவத்தை, உதிரிப்பாகத்துக்கு இந்த நாடே வந்து சேரும் இடம். பிள்ளையை அங்கே அழைத்துப் போவதே ஒரு பாடம். காரின் சேசிஸ் இலக்கத்தை எழுதிக் கொண்டுபோக வேண்டும்; இயன்றால் கழற்றிய பழைய பாகத்தையும் பையில் எடுத்துப் போக வேண்டும். ஒரே பெயருள்ள காரில் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறும். ஒரே பாகம் நிறுவனத்தின் அசல், ஜப்பானிய வேறு தயாரிப்பு, மலிவான தயாரிப்பு, பாவித்தது என்று பல விலைகளில் கிடைக்கும். எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாவித்த பாகங்களில் கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, விளக்கு, பம்பர் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் பேட், பெல்ட், றப்பர் குழாய், பெயாரிங், டயர் ஆகியவற்றை ஒருபோதும் பாவித்ததாக வாங்கக் கூடாது. அவற்றின் மிச்ச ஆயுளைக் கண்ணால் அளக்க முடியாது. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகே வாங்க வேண்டும், பில் எடுக்க வேண்டும், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்னரே கேட்க வேண்டும். பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். தமிழ்க் கடைக்காரரும் முஸ்லிம் கடைக்காரரும் இருக்கிறார்கள் என்றாலும், பிள்ளைக்குத் தெரிந்த சிங்களத்தில் அதுவே பேசட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

கராஜில் பாஸுடன் எப்படிப் பழகச் சொல்லிக் கொடுப்பது?

மரியாதையோடும் தெளிவோடும். "பாஸ், காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் இந்தச் சத்தம் வருது" என்று அறிகுறியைச் சொல்ல வேண்டும். "பெற்றரியை மாத்துங்க" என்று தீர்ப்பைச் சொல்லக் கூடாது. பெற்றரிதான் என்று அவர் சொன்னால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். முழுதாக ஏறிய பெற்றரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும்; என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.3 தான் என்றால் குறை ஒல்ட்டர்நேட்டர் (கார் ஓடும்போது பெற்றரிக்கு மின்னேற்றும் கருவி) பக்கம் இருக்கக்கூடும். புதிய பெற்றரி வாங்கினாலும் அது சில நாட்களில் இறங்கிவிடும். வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதி வாங்குவதும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்பதும் அவமதிப்பு ஆகா. நல்ல பாஸ் அவற்றைக் கேட்காமலே தருவார். கைகளில் கிறீஸ் படிந்தவரிடம் தணிந்த குரலில் நன்றி சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, கார் வேலை எவ்வளவு தெரிந்தும் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

மகள் கற்க விரும்புகிறாள். உறவினர்கள் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்களே?

பேசட்டும். இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து தனியாக வரும் வழியில் டயர் காற்றிறங்கினால், அந்த உறவினர்கள் வந்து மாற்றப் போவதில்லை. மகனுக்குக் கற்றுக்கொடுக்கும் அத்தனையையும் மகளுக்கும் அதே அளவில் கற்றுக்கொடுங்கள். இறுகிய நட்டைக் கழற்ற நீண்ட கைபிடியுள்ள ஸ்பானர் இருந்தால் போதும். பெரிய உடற்பலம் தேவையில்லை. எங்கள் வீட்டில், காரின் கொப்பியைப் பிழையின்றி எழுதுபவள் மகள்தான்.

எனக்கே கார் வேலை தெரியாது. நான் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

தெரியாது என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் சேர்ந்து கற்கலாம்; கைநூலைப் பிள்ளை வாசிக்க, நீங்கள் விளக்கைப் பிடிக்கலாம். ஒழுங்காகக் கற்க விரும்பும் பிள்ளைக்குக் கொழும்பிலேயே வழிகள் உண்டு. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. காலி வீதியில் தெற்கே போனால், எல்லோரும் "ஜேர்மன் டெக்" என்று சொல்லும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வாகனத் தொழிலுக்கு நாடறிந்த இடம் அது. தேசிய தொழில்சார் தகைமை என்ற படிநிலைச் சான்றிதழ்களைத் தரும் அரச பயிற்சி நிலையங்களும் உண்டு. பிள்ளைக்கு இதுவே தொழிலாகலாம் என்று தோன்றினால், பல்கலைக்கழகம் கிடைக்காதவருக்கான இரண்டாந்தர வழி என்று அதை ஒதுக்காதீர்கள்.

மழைக்காலத்துக்கும் கடற்காற்றுக்கும் தனியாக ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டுமா?

கட்டாயம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. அதுபோன்ற வெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் ஒரு மணித்தியால மழைக்கே கொழும்பின் பல வீதிகளில் நீர் நிற்கும். நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று நுழையும் வழியாக நீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், நீர் அழுத்தத்துக்குச் சுருங்காது; மேலே வரும் பிஸ்டனுக்கு இடமில்லாமல் அதைத் தள்ளும் கனெக்டிங் ரொட் என்ற தண்டு வளைந்துவிடும். சாவியைத் திருப்பாமல் இழுத்துக்கொண்டு போனால் உலர்த்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. திருப்பினால் என்ஜின் போய்விடும். பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களுக்காகத் திருப்பிவிடாமல் இருக்கும் நிதானத்தை, வெயில் நாளிலேயே பேசிப் பழக்கி வையுங்கள். ஆழம் தெரியாத நீருக்குள் காரை இறக்காமல் திரும்பிப் போவது அதைவிட நல்லது.

மெரின் டிரைவ் பக்கத்தில் நிற்கும் கார்களின் அடிப்பாகத்தை உப்புக் காற்று அரிக்கும். அடியையும் சக்கர வளைவுகளையும் நல்ல நீரால் அடிக்கடி கழுவ வேண்டும். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் போதும், கூலன்ட் குளிர்நாட்டுக்கு உரியது என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. அது தவறு, கொதிநிலையை உயர்த்துவதும் உள்ளே துரு பிடிக்காமல் காப்பதும் அந்தத் திரவத்தின் வேலையே.

வடித்த ஒயிலை எங்கே ஊற்றுவது?

எங்கேயும் ஊற்றக் கூடாது. வெள்ளவத்தைக் கால்வாய் நேராகக் கடலில் சேர்கிறது. வீதிக் கானில் ஊற்றியது இப்படியான கால்வாய்களுக்குத்தான் போகும். மூடியுள்ள கொள்கலனில் அடைத்து, பழைய ஒயிலைச் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்து முடிந்த பிறகே ஒயில் மாற்றும் வேலை முடிந்ததாகக் கொப்பியில் எழுத அனுமதியுங்கள்.

தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டால்?

முதலில் காரணத்தைக் கேளுங்கள். களைப்பா, பயமா, அல்லது அடுத்த படி தெரியவில்லையா? தெரியாமல் நின்ற பிள்ளைக்கு அந்த ஒரு படியை மட்டும் காட்டலாம். அலட்சியத்தால் விட்டதென்றால் கார் அங்கேயே நிற்கட்டும். பிள்ளை 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே வேலைக்குப் போகட்டும். குடும்பத்துக்கு அவசரமாகக் கார் தேவைப்பட்டால் பாஸை வரவழைத்து முடிப்பியுங்கள், பில்லைப் பிள்ளையிடம் கொடுங்கள். இரவில், பிள்ளை தூங்கிய பிறகு, நீங்களே போய் முடித்து வைப்பதுதான் மிகப் பெரிய கெடுதல். வேலை எப்படியோ முடிந்துவிடும் என்ற பாடத்தையே அது கற்றுக்கொடுக்கும்.

எப்போது காரைப் பிள்ளையின் பெயருக்கே மாற்றலாம்?

ஓராண்டுக் காலக் கொப்பி இடைவெளியின்றி எழுதப்பட்டு, காப்புறுதியும் அனுமதிப்பத்திரமும் உங்கள் நினைவூட்டல் இல்லாமலே புதுப்பிக்கப்பட்டிருந்தால் மாற்றலாம். உரிமை மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் செய்ய வேண்டும். பத்திரங்களைத் திரட்டிக்கொண்டு நாரஹேன்பிட்டிக்குப் போய் வருவதும் பிள்ளையின் வேலையே, நீங்கள் கையொப்பம் இட்டால் போதும். கார் லீசிங்கில் இருந்தால் முழு உரிமையாளராகப் பதிவுப் புத்தகத்தில் இருப்பது லீசிங் நிறுவனம். கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகோ, நிறுவனத்தின் சம்மதத்துடனோதான் மாற்ற முடியும். பெயர் மாறும் நாளிலேயே காப்புறுதியும் புதிய உரிமையாளரின் பெயரில் இருக்க வேண்டும். அதைக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்து, புதிய பத்திரம் கைக்கு வரும்வரை காரை வீதிக்கு எடுக்காமல் வையுங்கள்.